சம்பந்தி பார்க்க வந்த ஏரி

அந்த வீடியோ காலில் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். எங்கள் வீட்டு ஓனர் தேவானந்தம் மாஸ்டர் தானே பிடித்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அவருடைய ஒரு காதும் மின்விசிறியும் மட்டும்தான் தெரியும். அதனால் கொடைக்கானலிலிருந்து அவருடைய சம்பந்தி கூப்பிடும்போதெல்லாம் மாடியில் குடியிருக்கும் என்னைக் கீழே அழைத்துவிடுவார்.

சம்பந்தி ஆஸ்டின் அன்றும் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். குல்லாயும் மப்ளருமாக அவர் முகம் திரையில் மேலும் கீழும் ஆடியது. பின்னால் வெள்ளையாகப் பனி.

"ஸ்தோத்திரம் சம்பந்தி. கெசியா நல்லா இருக்கா. ஏழாம் மாசம் வரப் போகுது. அதான் பேசலாம்னு."

"நாங்களும் அதைத்தான் பேசிட்டிருந்தோம். வந்து கூட்டிட்டு வந்துடறோம். தலைப்பிரசவம், அம்மா வீட்லதானே."

"முறை அதுதான். நான் இல்லேங்கல. ஆனா டாக்டர் தினம் நடக்கச் சொல்றாங்களே. இங்க கதவைத் திறந்தா லேக். உங்க தாம்பரத்துல மாசமா இருக்கற பொண்ணு எங்க நடக்கும்? ஜி.எஸ்.டி. ரோட்டுலயா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்குப் பின்னாலயும் ஏரி இருக்கு."

"ஏரியா? கல்யாணத்துக்கு வந்தப்ப யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கல."

"தண்ணி இருக்கா?"

"தண்ணி இல்லாம அதுக்கு ஏரின்னு பேரு வைப்பாங்களா?"

"சென்னைப் பக்கம் வைப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். சரி, சுத்தி வர ரோடு இருக்கா?"

"இருக்கு."

"முழுசாவா?"

"முழுசா."

சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது. மாஸ்டரின் மனைவி ஞானசௌந்தரி ஆன்ட்டி கரண்டியைத் தவறவிட்டிருந்தார்.

"காலைல ஆள் நடமாட்டம் இருக்குமா? யாருமில்லாத இடத்துக்கு அவளை அனுப்ப முடியாது பாருங்க."

"தினமும் ஜே ஜேன்னு இருக்கும்."

"போட்டிங்?"

இந்தக் கேள்வியை மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கைபேசி ஆடாமல் இருப்பதில் கவனமாக இருந்தேன்.

"சீசன்ல" என்றார்.

"நல்லதாப் போச்சு. ஜனவரில ஒரு கல்யாணத்துக்கு நானும் ரோஸ்லினும் சென்னை வர்றோம். உங்க வீட்டுல ஒரு நாள் தங்கி, உங்க ஏரியை ஒரு முழு ரவுண்டு நடந்து பாக்கறோம். நல்லா இருந்தா கெசியா உங்க வீட்டுக்கு. இல்லைன்னா பிரசவம் இங்கதான். முறையெல்லாம் அடுத்த பிள்ளைக்குப் பாத்துக்கலாம்."

திரை அணைந்தது. ஞானசௌந்தரி ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"அந்த ஏரிக்கு நாலு கரை. நாலாவது கரையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே வீட்லதான் இருக்கோம். எத்தனை தடவை அந்தப் பக்கம் போயிருக்கீங்க?"

"போகணும்னு நினைச்சிருக்கேன்."

"அங்கேயே போட்டிங் வேற."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. மாஸ்டருக்கு அதன் பிறகு தூக்கம் போய்விட்டது. கெசியா அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் போன பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் ஒரு கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். அதுவும் வந்த வேகத்தில் மலைக்குத் திரும்பிவிட்டாள். பிரசவத்துக்கு வந்தால் குறைந்தது ஐந்தாறு மாதம் இங்கே இருப்பாள் என்று அவர் மனக்கணக்குப் போட்டு, அவள் அறைக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார். இப்போது எல்லாம் ஒரு ஏரியின் கையில் இருந்தது. அந்த ஏரியோ அவருக்கு அறிமுகமில்லாத ஏரி.

தேவானந்தம் மாஸ்டர் ஓர் உதவிபெறும் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பள்ளியில் மட்டும் அல்ல, தாம்பரத்தை ஒட்டிய எங்கள் இரும்புலியூரில் அவர் நிற்கும் எல்லா இடத்திலும் பி.டி. மாஸ்டர்தான். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் துணிகளை உயர வரிசைப்படிதான் காயப்போட வேண்டும். புடவை, வேட்டி, பேன்ட், சட்டை, கடைசியில் கைக்குட்டை. மாற்றிப் போட்டால் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் மாலையில் போய்ப் பார்த்தால் வரிசை சரியாகியிருக்கும். கல்யாண வீடுகளில் பந்திக்குக் கூட்டம் முட்டினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு விசில். அடுத்த நிமிடம் மாப்பிள்ளையின் பெரியப்பாகூட ஒரு கை இடைவெளி விட்டு வரிசையில் நிற்பார்.

அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். மாஸ்டர் பிறந்து வளர்ந்தது ரயில்வே குடியிருப்பில். வாலிபால் ஆடி, வாலிபாலாலேயே வேலை வாங்கி, வாலிபாலாலேயே வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டவர். முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு அவர் நடக்கும்போது பின்னால் எங்கேயோ பேண்டு வாத்தியம் வாசிப்பதுபோல இருக்கும். உலகத்தில் எதையும் அவர் மைதானத்தை வைத்துத்தான் அளப்பார். மார்க்கெட் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "கிரவுண்டை மூணு ரவுண்டு" என்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு ஏரியை ஒரு ரவுண்டு நடப்பது பெரிய விஷயமே இல்லை என்றுதான் முதலில் நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு மாலை ஒத்திகைக்குக் கிளம்பினார். இங்கிலீஷிலும் தமிழிலும் எதையாவது எழுதவேண்டி வந்தால் உதவும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். கடைசிவரை எதுவும் எழுதவேண்டி வரவில்லை.

முதல் மூன்று கரைகளும் எங்களை ஆச்சரியப்படுத்தின. மழை முடிந்த நேரம். தண்ணீர் கரை வரை தளும்பியது. ஆகாயத்தாமரை ஒரு ஓரமாக ஒதுங்கி, நடுவில் வானம் தெரிந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மாஸ்டர் அவற்றைப் பார்த்து, "கை பக்கவாட்டில் நீட்டு, கரெக்ட்டா நிக்குதுங்க" என்றார். கரைமேல் நடைபாதை போட்டு, உட்கார பெஞ்சும் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

மூன்றாவது கரையின் திருப்பத்தில் எருமைகள் குளித்துக்கொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் குமரேசன் கரையில் குந்தியிருந்தார். பழைய ஊர்க்காரர். ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில் அவர் குடும்பத்து நெல் விளைந்தது. இப்போது அதே நிலத்தில் கடைகளும் வாடகை வீடுகளும் விளைகின்றன. எருமைகளை மட்டும் அவர் விடவில்லை.

"குமரேசன், வர்ற ரெண்டாவது சனிக்கிழமை காலைல மட்டும் எருமைங்களை இங்க விடாம இருக்க முடியுமா?"

"இன்னா சார் பேசற? சனிக்கிழமன்னு சொன்னா எருமைக்கு புரியுமா? அது பாட்டுக்கு எறங்கிகினு போவும்."

"கொடைக்கானல்லேர்ந்து என் சம்பந்தி வர்றாரு."

"வரட்டுமே. அவரு எருமையே பாத்ததில்லியா?"

"அங்க ஏரிக்கரையில குதிரை இருக்கு. ஜனங்க ஏறி சவாரி போவாங்க."

"குதிர பால் குடுக்குமா?"

மேலே நடந்தோம். நூறடி தாண்டியதும் நடைபாதை நின்றுவிட்டது. எதிரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில். மதிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சீமைக்கருவேலம். அதற்குள் ஒரு பன்றி எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. நாலாவது கரை என்று எதுவும் இல்லை.

மாஸ்டர் மதிலைத் தட்டிப் பார்த்தார். ஏதோ அது வழிவிடும் என்பதுபோல. பிறகு இடுப்பில் கைவைத்து யோசித்தார்.

"கொடைக்கானல்ல மட்டும் என்ன? ஏரியை மட்டுமா பாக்கறாங்க? ஊரையும்தானே சுத்தறாங்க. நாமளும் இங்கேர்ந்து ஊருக்குள்ள இறங்கிடுவோம். சுத்தி வந்து முதல் கரையில ஏறிட்டா ரவுண்டு ரவுண்டுதான்."

அப்படித்தான் நாங்கள் எங்கள் ஊரையே சுற்றுலாப் பயணிகள்போல நடந்து பார்க்கத் தொடங்கினோம். கொடைக்கானலில் நின்று பார்க்கும் இடங்களுக்கெல்லாம் 'பாயிண்ட்' என்று பேர் இருப்பதால், எங்களுக்கும் பாயிண்டுகள் தேவைப்பட்டன. விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கும் காலி மனை, ஃப்ளைட் பாயிண்ட் ஆனது. கண்ணாடிக் கதவு சரியாக மூடாமல் ஏ.சி. குளிர் தெருவுக்கு வழியும் ஏ.டி.எம். வாசலுக்கு, மாஸ்டர் மிகுந்த யோசனைக்குப் பிறகு, கூல் பாயிண்ட் என்று பேர் வைத்தார். "கொஞ்ச நேரம் இங்க நிக்க வச்சா அவங்க ஊர் ஞாபகம் வந்துடும்."

தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை எக்கோ பாயிண்ட். எதிரொலி எப்படி என்று பார்க்க, மாஸ்டர் உள்ளே நின்று முழு மூச்சையும் இழுத்து விசில் ஊதினார். எங்களைக் கடந்து போன ஸ்கூட்டர்காரர் சட்டென்று ஓரம்கட்டி நிறுத்தி, "ஹெல்மெட் டிக்கியில இருக்கு சார், இப்பதான் கழட்டினேன்" என்று லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

மாஸ்டர் லைசென்ஸை வாங்கி, போட்டோவையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இனிமே போட்டுட்டு ஓட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

"எதிரொலி நல்லா இருக்கு" என்றார் என்னிடம்.

எல்லாம் தயாராகிவிட்டது. ஒன்று மட்டும் மிச்சம்: தினமும் ஜே ஜே என்று இருக்கும் கூட்டம். அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல்தான் மாஸ்டர், புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் போதகரிடம் போய், "ஐயா, அடுத்த வாரம் சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு எங்க வீட்லேர்ந்து ஒரு ஏரிச் சுற்றுலா. நல்லபடியா நடக்கணும். ஜெபிச்சுக்கோங்க" என்று சொன்னார். சம்பந்தி, பிரசவம், போட்டிங் எதையும் விளக்கவில்லை. கூச்சம்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. மீதியை ஞானசௌந்தரி ஆன்ட்டி பிறகு எனக்குச் சொன்னார். அவர்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். வாசிப்பவர் சபைச் செயலாளர் ஃபிரெடி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எதையும் கணீரென்று வாசிப்பார். போதகர் சொன்னதை அவர் அறிவிப்புகளின் கடைசியில் சேர்த்துக்கொண்டார். "வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, தேவானந்தம் ஐயா இல்லத்திலிருந்து ஏரிச் சுற்றுலா. ஜெபத்தில் தாங்கிக்கொள்ளவும்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனையை முடித்துவைக்கும் ஆசீர்வாதத்துக்கு முன்னால் வாசிக்கப்பட்டது எதுவாக இருந்தாலும் அது எல்லோருக்குமானது. யார் வீட்டு நிச்சயதார்த்தம், யார் வீட்டுப் புதுமனை என்று யாரும் விசாரிப்பதில்லை. பேர், நாள், நேரம் மூன்றும் காதில் விழுந்தால் போதும், டிபன் கேரியரோடு போய்விடுவார்கள்.

அறிவிப்பு வாசித்தபோது மாஸ்டர் உள்ளே இருந்திருந்தால் எழுந்து திருத்தியிருப்பார். ஆனால் அறிவிப்பு நேரத்தில் அவர் வழக்கமாக வெளியே போய், கோணல்மாணலாக நிற்கும் இரு சக்கர வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார். ஆன்ட்டி ஓய்வுநாள் பள்ளிக் குழந்தைகளோடு பின்கட்டில் இருந்தார். ஆகவே உலகத்தில் அந்தச் சபைச் சுற்றுலாவைப் பற்றித் தெரியாதவர்கள் அதை நடத்தியவர்கள் மட்டும்தான்.

வெள்ளி மாலை ஆஸ்டினும் அவர் மனைவி ரோஸ்லினும் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்டின் வந்ததும் வராததுமாகத் தன் நடைக் காலணியைத் துடைத்து வாசலில் வைத்தார். ரோஸ்லின் ஆன்ட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் கேட்டைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார்.

தெரு நிறைய ஜனம். சபையின் பெண்கள் ஐக்கியம் மொத்தமும் சுடிதாருக்குக் கீழே விளையாட்டுக் காலணியோடு நின்றது. வாலிபர் முகாமில் மிஞ்சிய வெள்ளைத் தொப்பிகளை ஆளுக்கொன்று மாட்டியிருந்தார்கள். பாடகர் குழுத் தலைவி ஹெப்சி டீச்சர் கையில் இட்லித் தூக்கு. ஒருவர் கிட்டார் கொண்டுவந்திருந்தார். எதிர்வீட்டு நாய் குரைக்க வந்து, இவ்வளவு பேரைப் பார்த்து யோசித்து, திரும்பிப் போய்விட்டது.

ஆஸ்டின், மாஸ்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இவங்கல்லாம் யாரு சம்பந்தி?"

ஃபிரெடிதான் முன்னால் வந்து கைகொடுத்தார். "ஏரி பாக்க வந்திருக்கோம் சார்."

ஆஸ்டினின் புருவம் உயர்ந்தது. "நிஜமாவே ஜே ஜேன்னுதான் இருக்கு. தினமும் இவ்ளோ பேரா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் மாஸ்டர்.

பிறகு என்ன செய்வது? விசில் ஊதினார். கூட்டம் உயர வரிசைப்படி நின்றது. ஐக்கியத் தலைவி கிளம்பும் முன் ஜெபித்தார்; பயணம், வாகனங்கள், சாலை விபத்துகள் எல்லாவற்றுக்காகவும் நீளமாக. நாங்கள் போக வேண்டிய தூரம் இரண்டு தெரு.

கரையில் ஏறியதும் நான் நினைத்ததைவிட எல்லாம் நன்றாகவே போயிற்று. ஆஸ்டின் தன் ஊர் வழக்கப்படி எல்லோரையும் முந்திக்கொண்டு நடந்து, தண்ணீரைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். பறவைகளைப் பார்த்து இன்னொரு "பரவாயில்லையே". மாஸ்டர் ஒவ்வொன்றையும் மனதுக்குள் புள்ளியாகச் சேர்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது கரையில் எருமைகள். பொங்கல் நெருங்கிவிட்டதால் குமரேசன் அவற்றின் கொம்புகளுக்குப் பச்சையும் சிவப்பும் அடித்து, கழுத்தில் சலங்கையும் கட்டியிருந்தார்.

"இன்னா சார், மாநாடா? எருமைய ஓட்டிகினு போன்னு சொன்னியே, எங்கேர்ந்து ஓட்டறது? கர முழுக்க ஜனம் கீது. அதுங்களே பேஜாராகி நின்னுகினு கீதுங்க."

ரோஸ்லின் ஆன்ட்டி முதல்முறையாகச் சிரித்தார். குதிரையோடு எல்லாரும் படம் எடுத்திருக்கிறார்கள், எருமையோடு எடுத்தவர் தங்கள் ஊரில் யாருமில்லை என்று சொல்லி, எல்லாவற்றிலும் பெரிய எருமையின் பக்கத்தில் போய் நின்றார். குமரேசன், "கிட்ட போம்மா, ஒண்ணும் பண்ணாது, ஷோக்கா நில்லு" என்று ஊக்கம் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. ஹெப்சி டீச்சர், படம் பிடித்துக்கொண்டே, நல்ல மனதோடு சொன்னார். "நான் இந்த ஊர்லயே பொறந்தவ ரோஸ்லின். இந்த ஏரியை இவ்ளோ கிட்டக்க இன்னிக்குத்தான் பாக்கறேன். அழகா இருக்கில்ல?"

ஆஸ்டின் திரும்பினார். "தினமும் வர்றீங்கன்னு சொன்னாரே?"

"தினமுமா?" என்று ஃபிரெடி சிரித்தார். "சார், இந்தப் பக்கம் வழி இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். கோயில்ல அறிவிப்பு வாசிச்சதால வந்தோம். நான்தான் வாசிச்சேன்."

மாஸ்டர் அவசரமாக விசில் ஊதினார். கூட்டம் நடந்தது. நடந்த வேகத்தில் எல்லோரும் மதிலில் போய் நின்றார்கள்.

"முழுசா ரோடு இருக்குன்னீங்களே சம்பந்தி?"

"இங்கேர்ந்து... ஊர் சுத்திப் பாக்கறது."

ஆஸ்டின் மதிலைத் தட்டிப் பார்த்தார். மாஸ்டர் தட்டிய அதே இடத்தில்.

ஊருக்குள் இறங்கினோம். முன்னால் ஆஸ்டின் முறைத்துக்கொண்டு, பின்னால் மாஸ்டர் வெளிறிப்போய், அவர்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட சபை. ஃப்ளைட் பாயிண்டில் அன்றைக்கென்று ஒரு விமானமும் வரவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதால் தெருவில் போனவர்களும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். டீக்கடையில் "சர்க்கரை கம்மியா எத்தனை?" என்று கடைக்காரர் கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பூட்டியிருந்த கடைகளின் படிகளில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தார்கள். சாப்பாட்டு ஜெபம் சொல்லும்போது ஒரு மாநகரப் பேருந்து வேகம் குறைத்துப் போயிற்று. கண்டக்டர் சிலுவை போட்டுக்கொண்டார். கூல் பாயிண்டில் மாஸ்டர் சம்பந்தியை ஏ.டி.எம். கதவருகே நிறுத்தினார். பணம் எடுக்க வந்த ஒருவர், நீளமான வரிசையைப் பார்த்து, பெருமூச்சோடு கடைசியில் போய் நின்றுகொண்டார்.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் ஹெப்சி டீச்சர் நின்றார். "ஆ" என்று ஒரு சுரம் விட்டுப் பார்த்தார். சுவர்கள் அதை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தன. பாடகர் குழுவைப் பிடித்து நிறுத்த அதன் பிறகு யாராலும் முடியவில்லை. நாலு குரலில் ஒரு கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார்கள். மேலே மின்சார ரயில் போனது. ஸ்கூட்டர்கள் நின்றன, சிலர் முன்ஜாக்கிரதையாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்கள். ஆஸ்டின் கைகட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இரண்டாவது சரணத்தில் அவருடைய கால் தாளம் போட்டது. மூன்றாவதில், கொடைக்கானல் கோயிலில் அவர்தான் கீழ்க்குரல் பாடுபவர் என்பது எங்களுக்குத் தெரியவந்தது. பாட்டு முடிந்ததும் அவர் மறுபடியும் கைகட்டிக்கொண்டார்.

வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. யாரும் கலையவில்லை. ஆஸ்டின், மாஸ்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"சம்பந்தி, ஏரிக்கு முழுசா ரோடு இல்ல. தினமும் யாரும் வர்றதில்ல. போட்டிங்கும்..."

"இல்ல" என்றார் மாஸ்டர். கால்களைச் சேர்த்து, கைகளை ஒட்டி, அட்டென்ஷனில் நின்றார். "மூணும் பொய். பொண்ணு வீட்டுக்கு வரணும்னு சொன்னேன்."

அப்போதுதான் சபைக்கு விஷயமே புரிந்தது. "கெசியாவா? கெசியாவுக்காகவா?" என்று பின்வரிசை வரை பரவியது.

ரோஸ்லின் ஆன்ட்டி படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து நம்ம லேக்கைச் சுத்தறேன். இவரு முன்னால போயிடுவாரு. நான் பின்னால தனியா. எனக்குப் பின்னால கெசியா தனியா. ஒரே ஏரியை மூணு பேரும் தனித்தனியா சுத்திட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கறோம். இன்னிக்கு என் காதுல யாராவது ஒருத்தர் ஓயாம பேசிக்கிட்டே வந்தாங்க. முட்டி வலி இப்பதான் ஞாபகம் வருது." மறு காலணியையும் கழற்றினார். "புள்ள இங்கயே வரட்டும்."

"ஏரி..." என்றார் ஆஸ்டின்.

"ஏரியா அவகூட பேசப் போகுது?"

ஆஸ்டின் தோற்றுப்போகாத குரலில், மாஸ்டருக்கு ஒரு நிபந்தனை சொன்னார். "அந்த ஏ.டி.எம். வாசல்ல மட்டும் அவளை நிறுத்தக் கூடாது. சளி புடிக்கும்."

அதற்குள் சபை வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. கெசியாவோடு நடக்கப் போவது யார் என்று வாசலிலேயே சண்டை. திங்கள் தனக்கு என்றார் ஹெப்சி டீச்சர். திங்கள் காலை நடந்துகொண்டே தன் மூன்று பிரசவக் கதைகளையும் முதலிலிருந்து சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். பாடகர் குழு மொத்தமாகச் செவ்வாய் கேட்டது. ஃபிரெடி, தாய்க்கும் சேய்க்குமான ஒரு நல்ல பாலிசி பற்றி வெள்ளிக்கிழமை விளக்குவதாகச் சொன்னார். மாஸ்டர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். விசில் ஊதவே இல்லை.

சம்பந்திகள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அன்று மாலை அவர் மொட்டைமாடிக்கு வந்தார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கொடியருகே நின்று, ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார். வீடுகள்தான் தெரிந்தன.

"சின்மயி, கெசியா அடுத்த மாசம் வந்துடுவா."

"சந்தோஷம் அங்கிள்."

"வாரத்துல ஒரு நாள்கூட மிச்சமில்லாம எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. நல்ல ஜனங்க. ஆனா எம் பொண்ணு சின்ன வயசுலேர்ந்து கூட்டத்துல அவ்வளவா பேச மாட்டா. என்னை மாதிரி இல்ல." கொஞ்சம் தயங்கினார். "வியாழக்கிழமையை நான் உன் பேருக்குன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். நீ அவகூடப் போயிட்டு வரணும். ஒண்ணும் பேச வேணாம்மா, சும்மா பக்கத்துல நடந்தா போதும். யாராவது பேசறதுக்கு வந்தாங்கன்னா ரெண்டு பேரும் வேகமா நடந்துடுங்க. ஓடாதீங்க."